ராஜாவின் வேட்டி முனையில் ராஜதுரோகம்

முன்னொரு காலத்தில் கீழைக்குன்றம் என்ற நாட்டைக் கோதண்டராயர் என்றொரு ராஜா ஆண்டார். ஆண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் நெய்ப்பொங்கல், மத்தியானம் நெய்ச்சோறு, நடுநடுவே நெய்யப்பம். மிச்ச நேரத்தில் ஆட்சி. அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் ஞானோதயம் பிறந்தது.

"இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை எவன் கட்டிக்கொண்டு அழுவது? கடல் தாண்டிய தேசங்களில் ஒரு கருத்துக்கு ஒரு படம் போட்டே எழுதிவிடுகிறார்களாம். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்!"

ஓலை எழுதுவோருக்கெல்லாம் தலைவரான வித்தாரம் பிள்ளைக்கு வாயெல்லாம் பல். நாற்பதே நாளில் மூவாயிரம் படங்களோடு வந்து நின்றார். "ஒரு படம், ஒரு பொருள். யார் பார்த்தாலும், எங்கே பார்த்தாலும் மாறாது!" என்று மார்தட்டினார். ஆனால் அவரைத் தவிர ஊரில் ஒரு குஞ்சுக்கும் அது புரியவில்லை. மடைப்பள்ளிக்கு அரிசி கேட்டுப் படம் அனுப்பினால் யானைத் தீனி வந்து இறங்கியது.

சேனாபதிக்குப் பொறுக்கவில்லை. "இதற்கு நம் சலவைக்காரி மாடத்தி போடும் துணிக்குறி எவ்வளவோ தேவலை. ஆற்றங்கரை பூராவும் அதை வாசிக்கிறது" என்றார். ராஜா வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். பிள்ளைக்கோ வயிறு பற்றி எரிந்தது.

மறுநாளே பிள்ளை ராஜாவின் வேட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு சபைக்கு ஓடிவந்தார். அதன் முனையில், சலவைக்குறி போடும் சேங்கொட்டை மையில் ஒரு குறி: ஒரு வட்டம், அதற்குள் மூன்று கோடு, கீழே ஒரு புள்ளி.

"மகாராஜா, மோசம் போனோம்! வட்டம் தங்கள் திருமுடி. கோடு மூன்றும் மூன்று வாள். புள்ளி, சொல்லவே நாக்கூசுகிறது, ரத்தத் துளி! இது ராஜதுரோகம்!"

ராஜாவுக்கு விக்கலே வந்துவிட்டது. "பிடித்து வா அவளை! எழுதிய கையை வெட்டு!"

மாடத்தியை இழுத்துவந்து நிறுத்தினார்கள். அந்த வலது கை ஓங்கினால்தான் துணி வெளுக்கும், வீட்டில் உலை கொதிக்கும். குறிக்கு நிஜமான அர்த்தத்தைச் சொல்லித் தப்பலாம் என்றால், அதைக் கேட்டால் ராஜா கையை விட்டுவிட்டுத் தலையைக் கேட்பாரே! 'நல்லா வந்து மாட்டுனேடி மாடத்தி' என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். திட்டி முடித்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

"பிள்ளைவாள், நீங்க வாசிச்சது சரிதானா?"

"என்னையா கேட்கிறாய்? ஒரு படம், ஒரு பொருள்!"

"யார் துணியில இருந்தாலுமா?"

"யார் துணியில் இருந்தாலும்தான்!"

"அப்போ இந்த வார அழுக்கு மூட்டையைக் கொண்டாரச் சொல்லுங்க, மகாராசா."

மூட்டை வந்தது. அவிழ்த்தாள். பிள்ளையின் வேட்டி பதினொன்று. பதினொன்றிலும் அதே வட்டம், அதே மூன்று கோடு, அதே புள்ளி.

"ஓகோ!" என்று ராஜா எழுந்தேவிட்டார். "கலகக்காரன் கொடியை நீர்தான் இடுப்பில் சுற்றிக்கொண்டு திரிகிறீரா?"

பிள்ளையின் முகம் செத்துச் சுண்ணாம்பாகிவிட்டது. "ஐயோ, இல்லை மகாராஜா! வாசிப்பில்... ஏதோ... சிறு பிசகு..."

"அப்படியானால் இதற்கு என்னதான் அர்த்தம்?"

மாடத்தி தரையைப் பார்த்தாள். "நான் சொன்னா, தப்பிக்கப் பொய் சொல்றேம்பாங்க. மலைக்கு அந்தப் பக்கத்துச் சலவைக்காரர் பொம்மண்ணா, வணிகர் கூட்டத்தோட நேத்து நம்ம துறையில வந்து இறங்கியிருக்காரு. அவரு கன்னடத்துக்காரர். அவரு பேச்சு எனக்குத் தெரியாது, என் பேச்சு அவருக்குத் தெரியாது. என் வாயைக் கட்டிட்டு அவரை வாசிக்கச் சொல்லுங்க. அர்த்தம் கோணலா இருந்தாலும் வாசிச்சவர் தலைக்கும், எழுதுன கைக்கும் ஆபத்து வரக்கூடாது. அந்த வாக்கு மட்டும் வேணும்."

"கொடுத்தேன்" என்றார் ராஜா. ஆவல் யாரை விட்டது!

மாடத்தியின் வாயைக் கட்டினார்கள். பொம்மண்ணா வந்தார். வேட்டி முனையைப் பார்த்தார். மோந்தார். முகத்தைச் சுளித்தார். வட்டத்தைத் தொட்டுவிட்டுத் தன் வயிற்றை வட்டமாகத் தடவிக் காட்டினார். புள்ளியைத் தொட்டு, கையில் எதையோ எடுத்து வாய் நிறைய அமுக்குவதுபோலவும், முழங்கை வழியே நெய் ஒழுகுவதுபோலவும், அந்தக் கையை வயிற்றுப் பக்கத்து வேட்டியிலேயே தேய்த்துத் துடைப்பதுபோலவும் அபிநயம் பிடித்தார். பிறகு கோடுகளைத் தொட்டு மூன்று விரல் காட்டி, அழுக்கெடுக்கும் உவர்மண்ணை அள்ளிப் போட்டு மூன்று தரம் கசக்குவதுபோலக் காட்டினார். நிமிர்ந்து ராஜாவின் தொந்தியைப் பார்த்தார். ஒரு பெரிய கும்பிடு போட்டார்.

சங்கதி இதுதான். துணி துறை மாறிப் போனாலும், எந்தக் கறைக்கு எத்தனை வெளுப்பு என்று அடுத்த ஆளுக்குத் தெரியவேண்டும். அதற்காக மலைக்கு இரு பக்கத்து ஆற்றங்கரைக்காரர்களும் தங்களுக்குள் வைத்திருந்த குறி அது. ஆளின் பெயரெல்லாம் அவர்களுக்கு எதற்கு? நெய்க்கையை வேட்டியில் துடைக்கிற பிள்ளைக்கும் அதே குறிதான்.

திரைக்குப் பின்னாலிருந்து ராணிதான் முதலில் 'களுக்'கென்று சிரித்தாள். ராஜா கோபமாக எதையோ சொல்ல வாயைத் திறந்தவர் கீழே குனிந்து பார்த்தார். அவருடைய வலது கை அப்போதுதான் அப்பத் தட்டிலிருந்து எழுந்து, தன்பாட்டுக்கு வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தது. ராஜாவே வெடித்துச் சிரித்துவிட்டார். அப்புறம் சபையைக் கேட்பானேன்!

"பாஷை தெரியாதவன்கூட வாசிக்கிறான், அதுவல்லவா எழுத்து! பிள்ளை, உம்முடைய மூவாயிரம் ஓலையும் மாடத்தியின் வெள்ளாவி அடுப்புக்குப் போகட்டும். ஒரு மாதம் நீரே சுமந்துபோய்ப் போடும்!" என்றவர், ஆற்றுத்துறையை மாடத்தி பேருக்கே பட்டயம் எழுதிக் கொடுத்தார். வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டதும் அவள் முதல் வேலையாகத் தன் வலது கையைத் தானே ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

ராஜாவுக்கு மட்டும் ஒரு குறை. சிங்காசனத்திலிருந்து சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏனம்மா, என் வேட்டிக்கு மட்டும் சூரியன், சிங்கம் என்று கௌரவமாக ஒரு குறி போடக்கூடாதா?"

"நான் என்னத்தைப் போடறது, மகாராசா?" என்றாள் மாடத்தி. "சாப்பிட உக்காரும்போது பக்கத்துல ஒரு துண்டு வச்சுக்கங்க. குறி தானா மாறிரும்."