ஏன்னா

"நீங்கதான் அம்மணி. வேற யாரையும் நான் சொல்லலை. பத்தொம்பது வருசமா என்னை இந்த ஜன்னலோரத்துல நிறுத்தி வெச்சிருக்கறது நீங்கதான்."

அத்தியப்பன் ஒவ்வொரு நாளையும் இப்படித்தான் ஆரம்பிப்பார். கேட்க வேண்டிய ஆள் அங்கே இல்லை. இருந்ததெல்லாம் ஒரு அட்டைப் பெட்டியும் அதற்குள் அடைந்துகிடந்த சில சாமான்களும்தான்.

ஒரு பெண் எம்.பி.ஏ. படித்த இரண்டு வருடமும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அதில் ஒரு கேஸும் இருந்தது. போலீஸ் கேஸ் இல்லை. ஒரு கம்பெனிக்கு வந்த சிக்கலைக் கதை மாதிரி எழுதி, முடிவை மட்டும் சொல்லாமல், 'நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்' என்று மாணவர்கள் தலையில் கட்டுவார்களே, அந்தக் கேஸ். பன்னிரண்டு பக்கம். மூலையில் துருப்பிடித்த ஒரு ஸ்டேப்ளர் பின். அந்தப் பன்னிரண்டு பக்கத்துக்குள்தான் அத்தியப்பன் குடியிருந்தார்.

அவருக்குக் கரூரில் முப்பது தறி. முப்பதிலும் கொசுவலை. ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வந்து, 'வலையை விட்டுவிடு, முப்பது தறியிலும் எங்களுக்குத் திரைச்சீலை நெய்து கொடு, நாளைக் காலை பத்து மணிக்குப் பதில் சொல்' என்றது. பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில் அத்தியப்பன் கையில் டீயோடு ஜன்னல் வழியே வெளியே பார்க்கிறார். அதோடு கேஸ் முடிந்தது. எழுதியவர் எழுந்து போய்விட்டார். அத்தியப்பன் பார்த்துக்கொண்டே நின்றார். டீ ஆறி, ஆடை கட்டி, அதுவும் காய்ந்துவிட்டது.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றது பெயர் அட்டை. வகுப்பில் மாணவர்கள் மேசைமேல் மடித்து நிறுத்துகிற கெட்டி அட்டை. முன்வரிசையில் நின்ற மிதப்பு அதற்கு இன்னும் போகவில்லை. "எத்தனை தடவைதான் சொல்வீங்க? பாவம், அவங்களுக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும்."

"நீ பேசாத. உன் மேல எழுதுன பேரையே வெயில் தின்னுட்டுது. ஹாஸ்டல் ஜன்னல்ல நிறுத்தி வெச்சாங்க, காப்பாத்திக்கத் துப்பில்லை. நாங்க அவங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறது?"

"உங்களுக்கு மட்டும் சொந்தப் பேரா?"

அட்டை சொன்னது சரிதான். முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது: பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன. வேறு எவன் பேரிலோ, வேறு எவன் முடிவுக்காகவோ கால்கடுக்க நிற்கிறோமே என்ற எரிச்சல் அவருக்கு எப்போதும் உண்டு.

எரிச்சல் தணிந்தால் பழைய ஞாபகம் வரும். அவர் பிறந்தது ஜெராக்ஸ் கடையில். மெஷினிலிருந்து இளஞ்சூடாக வெளியே வந்து விழுந்தார். ஓடி வந்த அந்தப் பெண் தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "இன்னும் சுடுது பாரு" என்று தோழியிடம் சொன்னாள். அந்தச் சூட்டை அவர் மறக்கவில்லை. ஹாஸ்டல் வாசலில் வாட்ச்மேன் அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, உங்களையெல்லாம் பாத்தா அப்படித் தெரியலையே. வாரத்துக்கு நாலு கேஸாமே" என்று கவலைப்பட்டார். பெண்கள் மாடிப்படி ஏறும்வரை சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பன்னிரண்டு பக்கமும் படபடத்தது.

மறுநாள் வகுப்பு. குதிரை லாடம் மாதிரி வளைந்த வரிசையில் அறுபது நாற்காலி. வாத்தியார் சாக்பீஸால் பலகையைத் தட்டி, "சொல்லுங்க, அத்தியப்பன் நாளைக்குக் காலையில என்ன சொல்லப் போறார்?" என்றார்.

ஐம்பத்தொன்பது கை எழுந்தது. டை கட்டின பையன்கள் மேசையைக் குத்திப் பேசினார்கள். அவரை அந்தக் கம்பெனியின் கையில் விழவே விடக் கூடாது என்று ஒரு பக்கம் வாதாடியது. அவர் எப்போதோ விழுந்தாயிற்று, எழுந்திருப்பதைப் பற்றிப் பேசு என்றது இன்னொரு பக்கம். அவரைப் பற்றி அவ்வளவு சூடாக யாரும் பேசினதில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தைப் போல அவர் வாழ்க்கையில் வேறு நேரம் இல்லை. சொல்லப்போனால் அவர் வாழ்க்கையே அவ்வளவுதான்.

ஆனால் வாதமெல்லாம் ஒரே இடத்தில்தான் போய் முடிந்தது. "அது சூழ்நிலையைப் பொறுத்தது, சார்." ஒருவன் சொன்னான், இன்னொருவன் தலையாட்டினான், வாத்தியார் பலகையில் எழுதினார். படித்த கூட்டத்தில் அப்படிச் சொன்னால் மதிப்பெண் உண்டு. சந்தையில் சொன்னால் எதிராளி துண்டை உதறிக்கொண்டு போய்விடுவான்.

அந்தப் பெண் மட்டும் பேசவில்லை. குனிந்து, பன்னிரண்டாம் பக்கத்து ஓரத்தில், அத்தியப்பனின் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே பென்சிலால் எழுதினாள். பக்கம் முழுக்க இங்கிலீஷ். அந்த ஒரு வரி மட்டும் தமிழ்.

'வேண்டாம்னு சொல்லுங்க. ஏன்னா'

அதற்குமேல் ஒன்றுமில்லை. மணி அடித்தது, நாற்காலிகள் நகர்ந்தன, எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். பத்தொன்பது வருடமாக அந்த 'ஏன்னா' அவர் காதோரம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

"மணி அடிச்சா என்ன? இன்னும் நாலு வார்த்தை எழுதிட்டுப் போயிருக்கலாமல்ல?" என்பார் அத்தியப்பன். "அப்படி என்ன டீ?"

பெட்டியின் மூலையில் கிடந்த துண்டுப் பென்சில் இதைக் கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் உருண்டு, மறுபடி அசையாமல் படுத்துவிடும்.

ஒரு நாள் பெட்டி ஆடியது. பரணிலிருந்து யாரோ இறக்கினார்கள். மூடி திறந்ததும் வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

"வெள்ளையடிக்கறவங்க நாளைக்கு வந்துருவாங்க கண்ணு. எடைக்குப் போடறதையெல்லாம் இந்தச் சாக்குல போட்டுடறேன். பழைய பேப்பர்காரர் மத்தியானம் வரேன்னாரு." வயதான பெண்குரல், கரூர்ப் பேச்சு.

"அந்தப் பெட்டி பூராவும் போட்டுடுங்கம்மா. பழைய காலேஜ் பேப்பர்."

இந்தக் குரல் அத்தியப்பனுக்குத் தெரியும். கொஞ்சம் கனத்திருக்கிறது, அவசரம் கூடியிருக்கிறது, ஆனால் அதே குரல். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போனில் யாரிடமோ, "அது சூழ்நிலையைப் பொறுத்தது சார், பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

அவளுடைய அம்மா பெட்டியைத் தூக்கிச் சாக்குக்குள் கவிழ்த்தார். கேஸ் விழுந்தது. அதன்மேல் அட்டை, அதன்மேல் பென்சில்.

"முடிஞ்சுது. கூழாக்கி அட்டை பண்ணுவாங்களாம்" என்றது பெயர் அட்டை. அதன் குரலில் பழைய மிதப்பு இல்லை. "எனக்குப் பரவாயில்ல. நான் அட்டைதானே."

"எனக்குப் பரவா உண்டு" என்று சீறினார் அத்தியப்பன். "கூழாப் போறதுக்கு நான் பயப்படலை. பாதிப் பேச்சோட போகச் சொல்றாங்களே, அதுதான் பொறுக்கலை. வேண்டாம்னு சொல்றதுக்கு எனக்குத் தெரியாதா? நூறு பேர்கிட்ட வேண்டாம்னுட்டு எந்திரிச்சவன் நான். ஆனா வேண்டாம்னா பின்னாலயே ஒரு காரணம் வரோணும். காரணம் இல்லாத வேண்டாம் வெறும் வீம்பு. அந்த அறையில ஒருத்தருக்குத்தான் காரணம் தெரிஞ்சுது. அவங்க டீக்கு ஓடிட்டாங்க."

"டீக்கு ஓடலைங்க."

பேசியது பென்சில். பத்தொன்பது வருடத்தில் அது வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

"மணி அடிச்சதால நிக்கலை. அதுக்கு முன்னாலயே நிறுத்திட்டாங்க. அவங்க கையில இருந்தவன் நான், எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு நிறுத்துனாங்க?"

"ஒம்பதாம் பக்கத்தை எப்பவாச்சும் பாத்திருக்கீங்களா?"

"ஒம்பதாம் பக்கம் கணக்கு. நான் பன்னெண்டுல நிக்கறவன்."

"அங்க அட்டவணையில கடைசி வரி. அதைச் சுத்தி என்னை வெச்சு ஒரு வட்டம் போட்டாங்க. அதையே கேளுங்க."

ஒன்பதாம் பக்கத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது. அட்டவணையின் கடைசி வரி அது. அதன் பெயர் 'இதர செலவுகள்'. யாரும் கூப்பிட்டுப் பழக்கமில்லாததால் தயங்கித் தயங்கிப் பேசியது.

"தறிக்கு ஒரு வரி இருக்குதுங்க. நூலுக்கு, கரண்ட்டுக்கு, வாடகைக்கு, வண்டிக்கு, எல்லாத்துக்கும் தனித்தனியா இருக்குது. வலைக்கு ஓரம் தெக்கற பொம்பளைங்களுக்கு மட்டும் இல்லைங்க. அவங்களை எனக்குள்ள போட்டுட்டாங்க. வீட்டுல உக்காந்து தெக்கறவங்க, நாப்பது பேரு. நீங்க திரைச்சீலைக்கு மாறுனா அதைக் கம்பெனி ஷெட்டுலயே தெச்சுக்குவாங்க. நாப்பது பேருக்கும் வேலை இல்லை. அறுபது பேரு ஒன்றரை மணி நேரம் பேசுனாங்க. என்கிட்ட ஒருத்தரும் வரலை. அந்த அம்மணி மட்டும் வந்தாங்க."

"அவங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"அவங்கம்மா ஓரம் தெச்சவங்க. அந்தத் தையல்லதான் இவங்களைப் படிக்க வெச்சாங்க" என்றது பென்சில்.

அதுவே தொடர்ந்தது. "'ஏன்னா எங்கம்மா'ன்னு எழுதத்தான் வந்தோம். 'ஏன்னா' முடிஞ்சு, அடுத்த எழுத்துக்கு மூக்கை வெச்சுட்டேன். பக்கத்து நாற்காலிப் பையன் எட்டிப் பாத்து, 'ஏய், உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?'னு கேட்டான். கெட்ட பையன் இல்லை. சும்மாதான் கேட்டான். இவங்க உள்ளங்கையால தாளை மூடிட்டு, 'ஒரு யூகம்தான்'னாங்க. அதுக்கப்புறம் அவங்க என்னைத் தொடவே இல்லை."

அத்தியப்பனுக்குத் தன் ஜன்னல் முதன்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது. அவர் இத்தனை காலமும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"யூகம்" என்றார். "பெத்த தாயை யூகம்னு சொல்ல வெச்சிருச்சே அந்த அறை."

வெளியே பழைய பேப்பர்காரரின் குரல் கேட்டது. அம்மா சாக்கைத் தூக்கினார். இதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியறியாத ஸ்டேப்ளர் பின் தன் துருப்பிடித்த காலை நீட்டிச் சாக்கின் வாயோரத்து நூலைக் கவ்விக்கொண்டது. கேஸ் பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கியது. அம்மா அதைப் பிய்த்து எடுத்தார். இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் கடைசிப் பக்கத்தில் நின்றார். எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார்.

"வேண்டாம்னு சொல்லுங்க. ஏன்னா." தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "கண்ணு, இங்க வா. உன் கையெழுத்துதான? ஏன்னான்னு எழுதிட்டு மிச்சத்தை எங்க விட்ட?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். தாளைப் பார்த்ததும் முகம் மாறியது. "அது ஒண்ணுமில்லம்மா. ஒரு கொசுவலைக் கம்பெனி கதை. படிக்கறப்போ கொடுத்தது."

"கொசுவலையா? யாரு கம்பெனி?"

"பேரை மாத்திட்டாங்கம்மா."

"பேரை மாத்துனா வலை மாறிருமா?" அம்மா சிரித்தார். "சரி, ஓரம் யாரு தெச்சாங்கன்னு போட்டிருக்குதா?"

அவள் தாளை வாங்கி, எந்தப் பக்கம் என்று தேடாமல் நேராக ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தாள். வட்டம் மங்கியிருந்தது. அழியவில்லை. அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"என்ன கண்ணு?" என்று அம்மாவும் எதிரில் உட்கார்ந்தார். சாக்கின் வாயிலிருந்து பென்சில் உருண்டு வந்து இருவருக்கும் நடுவில் நின்றது.

அத்தியப்பன் காய்ந்த டீயைக் கீழே வைத்தார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, முதல் தடவையாக, தாளுக்கு வெளியே பார்த்து நின்றார்.

"அம்மணி, நீங்க டீக்கு ஓடுனதாத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். அதுக்காகத் திட்டுனதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா கணக்கு தீரலை. அன்னைக்கு அறுபது பேர் முன்னால வாய் வரலை, சரி. இன்னைக்கு எதுக்கால உக்காந்திருக்கறது ஒருத்தர்தான். நாளைக் காலை பத்து மணியைப் பத்தொம்பது வருசமா நான் கையில புடிச்சு நிறுத்தியிருக்கேன், இனி முடியாது. பென்சிலை எடுங்க. 'ஏன்னா'வுக்கு அப்புறம் எழுதுங்க. எழுதிட்டு, அவங்களுக்குக் கேக்கற மாதிரி படிங்க."