ஆளுநருக்கு எதிரே நிற்காதவர்கள்

செம்மலை ராஜ்யத்தை ஆண்ட விசயரங்க ராஜாவுக்கு எதிரிகளிடம் பயமில்லை. பட்டத்து ராணியிடம் மட்டும் கொஞ்சம் உண்டு. அந்தக் கொஞ்சத்தால் வந்த வினைதான் இது.

ராணியின் தம்பி மார்த்தாண்ட பூபதி, தென்பாடிச் சீமைக்கு ஆளுநர். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஜனங்கள் குடத்தில் ஓலை போட்டு ஆளுநரைத் தேர்ந்தெடுப்பது அந்த ராஜ்யத்து வழக்கம். பஞ்சத்திலும் விடாமல் வரி பிடுங்கின பூபதிக்கு, இந்தத் தடவை ஓலை விழாது என்று நன்றாகத் தெரியும். அக்காவைப் பிடித்தார். அக்கா ராஜாவைப் பிடித்தாள். விருந்து மயக்கத்தில் ராஜா ஓர் ஆணையில் முத்திரை குத்திவிட்டார்: "தென்பாடியில் பூபதிக்கு எதிரே எவரும் நிற்கக் கூடாது. நின்றால் தலை போகும்."

விடிந்ததும் மயக்கம் தெளிந்தது. போட்டியில்லாத தேர்தல் செல்லாது என்பது ராஜ்யத்தின் பழைய சட்டம். முத்திரை குத்திய ஆணையையும் மாற்ற முடியாது. ராஜா அவை விகடகவி அரவணையானை அழைத்தார்.

"போட்டியும் நடக்கணும். ஆணையும் நிலைக்கணும். முடியாவிட்டால் உன் தலையை எடுப்பேன்!"

"என் தலையா? நான் என்ன செய்தேன் மகாராஜா?"

"யார் தலையையாவது எடுத்தால்தானே என் மனசு ஆறும்!"

அரவணையான் பயத்தில் சபை நடுவே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

"என் எதிரே உட்காருகிறாயா?" என்று ராஜா உறுமினார்.

தரையில் கிடந்தவனின் முகம் மெல்ல மலர்ந்தது. "தப்பித்தேன் மகாராஜா!" என்று எழுந்து ஓடினான்.

நேரே தென்பாடிக்குப் போனான். அங்கே தில்லைநாயகி என்றொரு அம்மாள், பஞ்சகாலம் முழுக்கச் சத்திரத்து அடுப்பு அணையாமல் ஊருக்குச் சோறு போட்டவள். அந்தச் சத்திரத்துக்குத்தான் பூபதி பூட்டுப் போட்டிருந்தார்.

"அம்மா, தேர்தலுக்கு வாங்க."

"எதிரே நின்றால் தலை போகுமே, ஐயா!"

"உங்களை யார் நிற்கச் சொன்னது? உட்காருங்க!"

சந்தை நடுவே கயிற்றுக் கட்டில் போட்டு அவளை உட்கார வைத்தான். பிறகு தெருத் தெருவாகத் தண்டோரா போட்டு, ராஜாவின் ஆணையை எழுத்துப் பிசகாமல் முழங்கினான். ஜனங்களுக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது.

மறுநாள் பூபதி கடைவீதிக்கு வந்தார். எதிரே இருந்த கூட்டம் மொத்தமும் சடாரென்று உட்கார்ந்தது. வணங்க வந்த மணியக்காரர் வாழைத்தாரோடு உட்கார்ந்தார். பல்லக்கின் முன்பக்கம் தூக்கியவர்கள், "ஐயையோ, நாம் அவருக்கு எதிரே அல்லவா நிற்கிறோம்!" என்று உட்கார, பூபதி சறுக்கிக்கொண்டு சேற்றில் போய் விழுந்தார். அரண்மனை நாவிதர் தரையில் உட்கார்ந்தே சவரம் செய்தார். கைக்கு எட்டின பாதி மீசை போயிற்று.

ஒருநாள் கோயில் காளை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. "மறியுங்கடா!" என்று பூபதி அலறினார்.

"எதிரே நின்றால் தலை போகும், எஜமான்!" என்றபடி காவலர்கள் வேலோடு உட்கார்ந்தார்கள்.

காளை மட்டும் ஆணையை மதிக்காமல் எதிரே வந்து நின்றது. பூபதி புளியமரத்தில் ஏறினார். பொழுது சாயும்வரை இறங்கவில்லை.

தேர்தல் நாளில் தில்லைநாயகியின் குடம் நிரம்பி வழிந்தது. பூபதியின் குடத்தில் விழுந்தது அவர் போட்ட ஓலை மட்டும்தான். பாதி மீசையோடு தலைநகருக்கு ஓடினார்.

"மகாராஜா! அவள் உங்கள் ஆணையை மீறிவிட்டாள்!"

"உமக்கு எதிரே நின்றாளா?"

"இல்லை... கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்."

"வேறு யார் நின்றார்கள்?"

"யாருமே நிற்கவில்லை. நின்றது நான் ஒருவன்தான். ஆகவே நானே ஆளுநர்!"

ராஜா திகைத்துப்போய் விகடகவியைப் பார்த்தார்.

அரவணையான் கைகூப்பினான். "ஐயா சொல்வது சத்தியம், மகாராஜா. நின்றவர் ஐயா, உட்கார்ந்தவர் அந்த அம்மாள். ஆனால் ஜனங்கள் ஓலை போட்டது ஆளுநர் நாற்காலிக்கு. நாற்காலி உட்காருகிறவர்களுக்குத்தானே? ஐயா இன்னும் ஐந்து வருஷம் தாராளமாக நிற்கட்டும்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது. அதை எடுத்துக் கொடுத்த அரவணையானுக்குப் பொற்கிழியும் பட்டுச் சால்வையும் கிடைத்தன.