பாதித் தாடியும் நாழிகை மணியும்

கொன்றைக்கோட்டையை ஆண்ட கார்மேக பூபதிக்குப் புதிதாக எதைக் கண்டாலும் கை பரபரக்கும். கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் அவருக்கு ஒரு நீர்க்கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். நாழிகைக்கு ஒருமுறை அது தானாகவே மணியடிக்கும். மூன்று நாள் ராஜா அதன் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

அவரைவிட அதில் மயங்கியவர் தளவாய் வீரபத்திரர். "மகாராஜா, யார் வேலை செய்கிறார்கள், யார் தூங்குகிறார்கள் என்று இனி தெரிந்துவிடும்!" என்றார்.

உத்தரவு பிறந்தது. மணி அடித்ததும் அரண்மனையில் உள்ள எல்லோரும் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு வர வேண்டும். மணி அடித்தபோது என்ன செய்துகொண்டிருந்தோம் என்று எழுத்தரிடம் பதிய வேண்டும். மூன்று முறை வராதவர் சோம்பேறி. அவருக்குக் கோட்டையில் இடமில்லை.

பத்தே நாளில் அரண்மனை தலைகீழானது. "சாப்பிட்டாச்சா?" என்று விசாரித்தவர்கள் "பதிஞ்சாச்சா?" என்று விசாரித்தார்கள். சாம்பார் தினமும் அடிப்பிடித்தது. யானையைத் தனியே விடப் பயந்த பாகன் அதையும் வரிசையில் நிறுத்தினான். யானைக்குப் பின்னால் நின்றவர்கள் பட்ட பாட்டை நான் சொல்லப்போவதில்லை.

நாவிதர் சுடலைமுத்து இரண்டு முறை தவறிவிட்டார். அழாத குறையாக, அரசவை விகடகவி ஆண்டியப்பரிடம் ஓடி வந்தார்.

"சாமி, ஆளோட தொண்டையில கத்தி இருக்கும்போது மணி அடிக்குது. பாதியில எப்படி ஓடுவேன்? இன்னும் ஒரு தடவை தவறினா புள்ளகுட்டியோட வெளிய போகணும்."

"அடுத்த சவரம் யாருக்கு?"

"மகாராஜாவுக்குத்தான். நாப்பத்தெட்டு நாள் விரதத் தாடி. நாளைக்கு இளவரசியைப் பொண்ணு பாக்க மாப்பிள்ளை வீட்டார் வர்றாங்களாம். அதுக்குள்ள எடுக்கணும்."

ஆண்டியப்பரின் கண்ணில் குறும்பு எட்டிப் பார்த்தது. "உத்தரவு என்ன சொல்லுது?"

"கையில இருக்கிற வேலையைப் போட்டுட்டு வரச் சொல்லுது."

"போட்டுட்டு வாரும்."

மறுநாள் ராஜாவின் இடக்கன்னம் பளபளத்தது. வலக்கன்னத்துக்குக் கத்தி போகும் நேரம், மணி அடித்தது. சுடலைமுத்து ஒரு கும்பிடு போட்டார். ஓடியே போனார்.

"அடே சுடலை! எங்கேயடா?"

ராஜா காவலரைக் கூப்பிட்டார், பணிப்பெண்களைக் கூப்பிட்டார். எல்லோரும் வரிசையில்! அந்த முகத்தோடு அவர் எங்கே எழுந்து போவது? வரிசை நகர்வதற்குள் இரண்டாம் மணி அடித்தது. பதிந்தவர்கள் மறுபடி கடைசியில் போய் நின்றார்கள். மூன்றாம் மணியும் அடித்தது.

வாயிற்காவலரும் வரிசையில் நின்றதால் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க ஆளில்லை. அவர்களே வழி தேடி நேரே ராஜாவின் அறைக்குள் நுழைந்துவிட்டார்கள்.

"என்னங்க இது? ஒரு பக்கம் ராஜா, ஒரு பக்கம் சாமியார்!" என்று அலறினார் மாப்பிள்ளையின் தாயார்.

ராஜாவுக்கு மானம் போயிற்று. வலக்கன்னத்தைத் துண்டால் மூடிக்கொண்டு முற்றத்துக்குப் பாய்ந்தார். விருந்தாளிகளும் பின்னாலேயே வந்தார்கள். எழுத்தரின் ஏட்டைப் பிடுங்கி, மூன்றாம் மணிக்குப் பதிந்ததை உரக்கப் படித்தார்.

"பாகன்: வரிசையில் நின்றேன். சமையற்காரி: வரிசையில் நின்றேன். வாயிற்காவலர்: வரிசையில் நின்றேன். தளவாய்: வரிசையை நேராக்கினேன்... தளவாயாரே, இதுதான் அரண்மனையில் நடக்கிற வேலையா?"

தளவாய்க்கு நாக்குக் குழறியது. "ஆ... ஆனால் மகாராஜா, ஒழுங்கு வந்துவிட்டதே! ஒருவரும் தவறவில்லை."

"ஒருவர் தவறியிருக்கிறார். இப்போது அடித்த மூன்று மணிக்கும் அவர் வரவில்லை" என்றார் ஆண்டியப்பர்.

சுடலைமுத்து பாகனின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினார். தளவாய்க்கோ போன உயிர் திரும்பி வந்தது. "யார் அந்தச் சோம்பேறி? இந்தக் கணமே கோட்டைக்கு வெளியே தள்ளுகிறேன்!" என்று கர்ஜித்தார்.

"கொஞ்சம் பொறுங்கள், தளவாயாரே. மீதித் தாடியையும் எடுத்துக்கொண்டு போகட்டும்!"

முதலில் களுக்கென்று சிரித்தது மாப்பிள்ளையின் தாயார். அப்புறம் ராஜா சிரித்த சிரிப்பில் துண்டே நழுவி விழுந்தது. உத்தரவைக் கிழித்துப் போட்டார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை ஆண்டியப்பருக்குப் போர்த்தினார். பிறகு அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, வலக்கன்னத்தைச் சுடலைமுத்துவிடம் நீட்டினார்.