தேரை நிறுத்திய பண்டிகைச் சட்டம்

கொன்றைநாட்டு ராஜா வீரகேசரி நல்ல மனுஷர். காதுதான் கொஞ்சம் இளக்கம். கடைசியாக யார் வந்து பேசினாரோ அவர் சொன்னதே சட்டம். அப்படி ஒரு நாள் கடைசியாகப் பேசிவிட்டுப் போனவர் சாலை மந்திரி சபாநடேசர்.

பேருக்குத்தான் சாலை மந்திரி. சாலையில் கால் வைத்த ஆள் இல்லை. பல்லக்கிலேயே போவார், பல்லக்கிலேயே வருவார். ஒரு பண்டிகைக்கு மாமியார் வீட்டுக்குப் போகும்போது வைக்கோல் வண்டி ஒன்று வழியை அடைத்து நின்றுவிட்டதாம். போய்ச் சேர்வதற்குள் வடை ஆறிப்போச்சாம். அட, ஆறின வடைக்காக ஒரு நாட்டுக்கே சட்டம் போட்டார் பாருங்கள்!

"பண்டிகை நாளில் எட்டு முழத்துக்கு மேல் அகலமான எந்த வண்டியும் ராஜபாட்டையில் நகரக் கூடாது. முதல் நாளும் கூடாது, மறுநாளும் கூடாது. விசேஷ அனுமதி வேண்டுவோர் மந்திரியிடம் மனுக் கொடுக்கலாம். அந்த நாட்களில் மனு வாங்கப்படமாட்டாது."

நம் பஞ்சாங்கத்தில் பண்டிகைக்கா குறைச்சல்? முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் சேர்த்துக்கொண்டால் வண்டி எப்போதுதான் நகரும்? அதையெல்லாம் யோசிப்பதற்கு அவருக்குத் தலை வேண்டாமா? தலைப்பாகை மட்டும்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வண்டிக்காரி மூக்காயி வந்து மாட்டிக்கொண்டாள். அவள் ஊர் தாமரையேந்தல். ஏரி மதகின் கதவு உடைந்து தண்ணீர் இரவும் பகலும் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. மலையடிவாரத்துத் தச்சர்கள் வேங்கைப் பலகைகளை இணைத்துப் புதுக் கதவு செய்து கொடுத்தார்கள். வண்டியில் படுக்கப் போட்டால் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றது. தலைநகரத்துச் சாவடியில் காவலர்கள் மறித்துவிட்டார்கள். மறுநாள் தேர்த் திருவிழா.

மூக்காயி மந்திரி வீட்டுக்கு ஓடினாள்.

"சாமி, பயிர் இப்பத்தான் பால் பிடிக்குது. கதவு போய்ச் சேரலைன்னா ஏரி காஞ்சிடும். ஊரே பட்டினி கிடக்கணும்."

"கதவைக் கழற்றி எடுத்துப் போ."

"கழட்டினா அது கதவு இல்லை சாமி, விறகு."

"அப்படியானால் தேர் முடிந்து வா. இல்லை, அதற்கடுத்து பிரதோஷம் வருகிறது. அது முடிந்து வா. பொறு, அப்புறம் பௌர்ணமி..." என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே உள்ளே போய்விட்டார். சாப்பாட்டு நேரமாம்.

மூக்காயிக்கு ஆத்திரம் பொங்கியது. அழுகையும் வந்தது. நேரே அரசவை விகடன் சாத்தப்பனிடம் போய்க் கொட்டித் தீர்த்தாள். ராஜாவிடம் பயப்படாமல் வாய் பேசும் ஒரே ஆள் அவன்தான்.

"வண்டி அங்கேயே நிக்கட்டும் ஆத்தா. காலையில நீ மட்டும் தேரடிக்கு வா," என்றான் சாத்தப்பன்.

மறுநாள் ராஜபாட்டைத் தேரடியில் எள் போட இடமில்லை. அந்த நாட்டு வழக்கப்படி ராஜா முதலில் வடம் பிடித்து இழுக்க வேண்டும். முகூர்த்தத்துக்குள் தேர் நகராவிட்டால் நாட்டுக்கு ஆகாது என்பார்கள். ராஜா வெறுங்காலோடு வந்து வடத்தைத் தொட்டார்.

"நிறுத்துங்கள்!" என்று ஒரு குரல். சாத்தப்பன் சாவடிக் காவலர்களோடு வந்தான். கையில் முழக்கயிறு. சக்கரத்துக்குச் சக்கரம் நிதானமாக அளந்தான்.

"பதினாறு முழம் மகாராஜா. இன்றைக்குப் பண்டிகை. வண்டி நகரக் கூடாது."

"ஓய், உமக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? இது சுவாமி தேர்!" என்று குதித்தார் சபாநடேசர்.

"சக்கரம் நாலு இருக்கிறதே, வண்டி இல்லாமல் வேறு என்ன? மேலே யார் உட்கார்ந்தால் விடலாம் என்று சட்டத்தில் எங்கே போட்டிருக்கிறீர்கள்?"

ராஜா மந்திரியைப் பார்த்தார். "சரி, அந்த விசேஷ அனுமதியைக் கொடுத்துத் தொலையும்."

"கொடுக்கலாம் மகாராஜா," என்றான் சாத்தப்பன். "ஆனால் இன்றைக்கு மனு வாங்கமாட்டார். நாளைக்கும் மாட்டார். அப்புறம் பிரதோஷம். சுவாமி பௌர்ணமி கழித்து வந்து வரிசையில் நிற்கட்டும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. புரோகிதர் முகூர்த்தம் போகிறது என்று கையைப் பிசைந்தார். மந்திரிக்கு வியர்த்துக் கொட்டியது.

"தேர் ஓடாமல் ஏது பண்டிகை? பண்டிகைக்கு வேண்டியதைச் சட்டம் தடுக்காது! யாரும் தடுக்கவும் கூடாது!" என்று கத்தினார்.

"இதை நேற்றே சொல்லியிருக்கலாமே," என்றான் சாத்தப்பன். "காவலர்களே, மந்திரி சொன்னது காதில் விழுந்ததா? மூக்காயி வண்டியை விடுங்கள்."

"மதகுக் கதவுக்கும் பண்டிகைக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"கதவு போகாவிட்டால் ஏரியில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் நெல் இல்லை. நெல் இல்லாமல் தையில் எதைப் போட்டுப் பொங்குவீர்? உமது தலைப்பாகையையா? அந்த வண்டியில் இருப்பது ஒரு ஊரின் பொங்கல், ஐயா!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "வண்டி போகட்டும்! சட்டமும் இன்றோடு போகட்டும்!" என்று வடத்தை இழுத்தார். தேர் அசைந்தது.

சாவடித் தலைவன் தயங்கித் தயங்கி வந்தான். "மகாராஜா, அகல வண்டிக்கு முன்னால் ஒருத்தன் சிவப்புத் துணியைப் பிடித்து, 'விலகு, விலகு' என்று சத்தம் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். அந்த ஆட்களை எல்லாம் மந்திரி திருவிழாவுக்கு ஊருக்கு அனுப்பிவிட்டார்."

ராஜா மந்திரியை மேலும் கீழும் பார்த்தார். "சத்தம் போட இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா?"

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் சிவப்புத் துணியோடு, தாமரையேந்தல் வரைக்கும் நடந்தார் சபாநடேசர். வழியெல்லாம் குழி, கல், சேறு. அத்தனையும் அவர் சாலைதான்.

கதவு மாட்டினார்கள். ஓடின தண்ணீர் நின்றது. சாத்தப்பனுக்கு ராஜா முத்துமாலை போட்ட அன்று, நன்றி சொல்ல மூக்காயி அரண்மனைக்கு வந்தாள்.

"மந்திரி எப்படியம்மா வேலை பார்த்தார்?" என்று கேட்டார் ராஜா.

மூக்காயி ஒன்றும் அறியாதவள் போலக் கண்ணை அகல விரித்தாள். "அது மந்திரியா? அய்யோ, தெரியாம மாட்டுக்குத் தண்ணி காட்டவும் சொல்லிட்டேனே! பரவாயில்லை மகாராஜா, ஒரு வேலையும் தெரியலைன்னாலும் குரல் நல்லாயிருக்கு. அடுத்த வண்டிக்கும் அவரையே அனுப்புங்க!"