கம்மாய்க்கரைக் குறட்டை

ஒரு ஊர்ல ஒரு கம்மாய் இருந்துச்சு தாயி. தண்ணிக்குள்ளயும் கரையிலயும் கருவேல மரம், மரம் பூரா எங்கெங்கயோ இருந்து பறந்து வந்த நாரைங்க. கேக்குதா?

"ம்."

நாரை முட்டை விட்டு, குஞ்சு பறக்குற வரைக்கும் அந்த ஊர்ல சத்தம் கூடாது. தீவாளிக்கு வெடி இல்ல, கல்யாணத்துக்கு மேளம் இல்ல. புருசன் பொண்டாட்டி சண்டைகூட குசுகுசுன்னுதான்.

அந்தக் கரையில சோலைமலைன்னு ஒருத்தன். பொண்டாட்டி முத்திருளாயி, நெறமாசம். ஒருநாள் மழையில நனைஞ்சு அவனுக்குச் சளி புடிச்சுது. தலகாணியில மூஞ்சிய அமுக்கிக்கிட்டு, புச்சு புச்சுன்னு தும்முனான். நாலு நாள்ல சளி போயிருச்சு. போறப்ப குறட்டைய விட்டுட்டுப் போயிருச்சு. கொர்ர்ர்... புஸ்ஸ்ஸ்... கொர்ர்ர்... புஸ்ஸ்ஸ்...

அப்புறம் பார்த்தா, கரையில நின்ன மரம் ஒண்ணு காலி. ஒரு நாரை இல்ல. குறட்டைக்குப் பயந்துதான் ஓடிருச்சுன்னு ஊர் கூடுச்சு.

ஊருக்குப் பெரியவரு அம்பலம். அவரு மெதுவாச் சொன்னாரு: "மூணு ராத்திரி பாப்போம். குறட்டை நிக்கலைன்னா, குஞ்சு பறக்குற வரைக்கும் வெளியூர் போயிரு."

"ரெண்டு மாசமாகுமே பெரியப்பா. என் புள்ள பொறக்குறத நான் பாக்க வேணாமா?"

"பாக்கணும்னா சத்தமில்லாமத் தூங்கு."

ஒண்ணாம் நாள் நொச்சி இலை போட்டு ஆவி புடிச்சான். மூக்கு நல்லாத் தொறந்துச்சு. குறட்டைக்குப் பாதை அகலமாச்சு, அவ்வளவுதான்.

ரெண்டாம் நாள் காலி நெல்லுக் குதிருக்குள்ள எறங்கிப் படுத்தான். சத்தம் உள்ளயே சுத்திச் சுத்தி, கொறோ... கொறோன்னு பெருசாகி வெளிய வந்துச்சு.

"ம்..."

மூணாம் நாள், தூங்குறதே இல்லைன்னு உக்காந்தான். "நான் கண்ணசந்தா கிள்ளு புள்ள" அப்படின்னான். அவளும் கிள்ளுனா. அப்போ சிலுசிலுன்னு காத்து. நிலா தண்ணியில மெதந்து மெதந்து கரைக்கு வந்துச்சு. கிள்ளுறவ மொதல்ல தூங்கிட்டா. அப்புறம் அவன். கொர்ர்ர்... புஸ்ஸ்ஸ்...

விடிஞ்சுது. துணிமூட்டையோட வெளிய வந்தா, வாசல்ல அம்பலம் அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. இவன் கூரைமேல சாஞ்ச மரத்துல எடமில்லாம நாரை. அம்புட்டும் தூக்கம்.

"அந்தக் காலி மரத்தடியில மரநாய்த் தடம் கெடக்குடா. முட்டை திருடி. அதுக்குப் பயந்துதான் இங்க வந்துருக்குக. உன் குறட்டையக் கேட்டு, உள்ள என்னமோ பெருசாப் படுத்துருக்குன்னு மரநாய் இந்தப் பக்கமே வரல. நாங்க காலி மரத்தத்தான் பார்த்தோம். பறவை எங்க போச்சுன்னு ஒருத்தனும் பார்க்கல."

"அப்ப நான் வெளியூர் போகணுமா பெரியப்பா?"

"உள்ள போயித் தூங்கு."

மறுவாரம் புள்ள பொறந்துச்சு. அப்பன் மடியில வாங்கிப் பார்த்தான், பார்த்துக்கிட்டே அசந்துட்டான். கொர்ர்ர்... புஸ்ஸ்ஸ்... மரத்துல குஞ்சு தூங்குது, தொட்டில்ல குஞ்சு தூங்குது, ஊரே தூங்குது. முழிச்சிருந்தது முத்திருளாயி ஒருத்திதான்.

கதை கரையேறியாச்சு தாயி, நீ கண்ண மூடு.