வெள்ளைப் பிறை

"டக்."

வளைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. காய்ந்த விதை வெடிப்பது போல, சின்னதாக. வாசலில் சேறு உருட்டிக்கொண்டிருந்த மருதன் என்னும் நண்டு அப்படியே நின்றான். உள்ளே இருட்டு. ஒன்றும் தெரியவில்லை.

"செல்லி, என்ன சத்தம்?"

"முதுகு வெடிக்குதுங்க. ஓடு கழட்டப் போறேன்," என்றாள் அவன் மனைவி. "வாசலை விட்டு நகராதீங்க. கரையில கொக்கு நிக்குது."

அந்தக் குளத்து நண்டுகளின் வழக்கம் அது. உடம்பு வளரும், ஓடு வளராது. அதனால் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புது ஓட்டுக்குக் காத்திருக்க வேண்டும். அது இறுகும்வரை நண்டு பஞ்சு மாதிரி இருக்கும். கடிக்க முடியாது, ஓடவும் முடியாது. அதுவரை துணை நண்டுதான் வாசலில் காவல்.

மருதன் காவல் நின்றான். மனசு மட்டும் வாசலில் இல்லை. செல்லியின் முதுகில் ஒரு வெள்ளைப் பிறை உண்டு. அதைப் பார்த்துத்தான் அவளை விரும்பினான். "என் வீட்டுக்குள்ளயே நிலா இருக்கு" என்று குளம் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் அவன்.

நண்பகலில் உள்ளே எட்டிப் பார்த்தான். அங்கே இரண்டு செல்லிகள் இருந்தார்கள். ஒன்று, பிறையோடு கிடந்த வெற்று ஓடு. மற்றது வெளிறி, சுருங்கி, நடுங்கிக்கொண்டிருந்தது.

"பிறை எங்கே?"

"அந்த ஓட்டோட போச்சு. புதுசுல வரலாம், வராமலும் போகலாம்." செல்லி சிரித்தாள். "ஏன், பிறை இல்லாட்டி வீட்டுல சேர்க்க மாட்டீங்களோ?"

மருதன் சிரிக்கவில்லை. "திரும்பப் போட்டுத்தான் பாரேன்."

அவனுக்காக அவள் ஒரு காலைப் பழைய ஓட்டுக்குள் நுழைத்துப் பார்த்தாள். பாதிகூடப் போகவில்லை.

"பத்தலைங்க. அதுக்குள்ள இருந்தவ சின்னவ. அதை இப்படித் தள்ளுங்க, நான் திங்கணும். பழைய ஓட்டைத் தின்னாத்தானே புது ஓடு சீக்கிரம் இறுகும்."

"இதையா திங்கப் போறே?" மருதன் ஓட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "பாசி தர்றேன், அதைத் தின்னு."

செல்லி பாசியைத் தின்றாள். மறுநாளும் உடம்பு இறுகவில்லை.

எதிர்ப் புல்லில் தவசி என்ற தவளை இருந்தான். வம்பு கேட்காமல் இருக்க முடியாதவன்.

"என்னண்ணே, பொண்டாட்டி பசியில கிடக்கா, நீங்க ஓட்டுக்குக் காவல் நிக்கிறீங்களாமே?"

"அதோட அழகு உனக்கு என்னடா தெரியும்?"

"எனக்கும் ஒரு காலத்துல வால் இருந்துச்சு. அழகான வால். அது கரைஞ்சுதான் இந்தக் காலுக்குச் சத்தாச்சு. வாலை விடமாட்டேன்னு பிடிச்சுக்கிட்டிருந்தா, இன்னைக்கு எதை வச்சுக் குதிப்பேன்?"

"உன் வாலும் இந்தப் பிறையும் ஒண்ணா? போடா," என்றான் மருதன்.

மூன்றாம் நாள் காலையில் மழை கொட்டியது. வளைக்குள் தண்ணீர் புகுந்தது. ஓடு லேசானது. மிதந்து மருதனின் காலிடுக்கில் நழுவி, வெளியே போய்விட்டது.

"ஐயோ, பிறை!"

"போகாதீங்க," என்றாள் செல்லி. "வெறும் ஓடுதானே. நான் இங்க இருக்கேன்ல?"

அவன் போய்விட்டான்.

ஓடு தண்ணீரோடு சுழன்று சுழன்று போனது. அவன் பின்னாலேயே ஓடினான். முதுகுக்குப் பின்னால் தவசி விடாமல் கத்துவது கேட்டது. மழைக்குத் தவளை கத்தாமல் இருக்குமா என்று நினைத்துக்கொண்டான்.

நாணல் புதரில் ஓடு சிக்கியது. மெதுவாக எடுத்துத் துடைத்துப் பார்த்தான். பிறை அப்படியே இருந்தது. இழுத்துக்கொண்டு திரும்பியபோது மழை விட்டிருந்தது.

"செல்லி, கிடைச்சிருச்சு! ஒரு கீறல் இல்லை!"

உள்ளே பதில் இல்லை. கரையில் கொக்கு அலகைப் புல்லில் துடைத்துக்கொண்டிருந்தது.

"தொண்டை கிழியக் கத்தினேண்ணே," என்றான் தவசி.

"கேட்டுச்சு," என்றான் மருதன்.

ஓட்டை வாசல் பார்த்தபடி உள்ளே வைத்தான். சில நாள் அதோடு பேசிப் பார்த்தான். "வீட்டுல சேர்க்க மாட்டீங்களோ" என்று அது கேட்கவில்லை. அது எதையுமே கேட்கவில்லை. சேறு உருட்டுவதை விட்டான். வளை தூர்ந்துகொண்டே வந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். "டக்" என்றது. இந்த முறை சத்தம் அவன் முதுகிலிருந்தே வந்தது. வாசலில் நிற்க யாரும் இல்லை.

"கொக்கு வந்தா கத்துறேன்," என்றான் தவசி. "என்னால முடிஞ்சது அதுதான். இந்தத் தடவையாவது கேளுங்க."

மருதன் ஓட்டைக் கழற்றினான். பஞ்சாகக் கிடந்தான். தன் ஓட்டைத் தின்று முடித்தும் பசி அடங்கவில்லை. பக்கத்தில் செல்லியின் ஓடு இருந்தது. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றான். பிறையைக் கடைசியில் தின்றான். ஒரே நாளில் உடம்பு கல்லாக இறுகியது. அவளும் இப்படித்தான் இறுகியிருப்பாள்.

வெளியே வந்து தவளைக்கு முதுகைக் காட்டினான்.

"பிறை ஏதாவது தெரியுதாடா?"

தவசி வெகுநேரம் பார்த்தான். "இல்லைண்ணே."

உயிருள்ளது மாறிக்கொண்டேதான் இருக்கும். அதன் பழைய உருவத்தைக் காக்க ஓடுகிறவன் அந்த உயிரையே கைவிட்டுவிடுகிறான்.

மருதன் வளைக்குத் திரும்பினான். வாசலை அடைத்திருந்த சேற்றைக் கொடுக்கால் வழித்து, உருட்டி, வெளியே தள்ளத் தொடங்கினான்.