அட்டையில் சிரித்தவர்

மாரியம்மன் நோம்பிக்கு மைக் செட் கட்டிய ராக்கியப்பனுக்குக் காலையிலிருந்தே மண்டை காய்ந்தது. கோயில் தர்மகர்த்தா குழந்தைவேல் 'வேப்பிலைத் தோரணம்' என்று அம்மன் பாட்டு ஆல்பம் போட்டிருந்தார். எழுதியது, பாடியது எல்லாம் கூலிக்கு வந்த ஆட்கள். அட்டையில் சிரித்தது மட்டும் அவர். அதே பெயரில் ஊர் உலகத்தில் இன்னும் நாலைந்து ஆல்பம் உண்டு.

எதைப் போட்டாலும் தர்மகர்த்தா பாய்ந்து வந்தார்.

"இது எவன் பாட்டுடா? என்னோடதப் போடு. இல்லாட்டி செட்டக் கழட்டிக்கிட்டுக் கெளம்பு!"

ஓடிக்கொண்டிருந்ததே அவருடையதுதான். ராக்கியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டான்.

"எல்லாம் ஒரே பேருங்க. எப்படிங்க கண்டுபுடிக்கறது?"

"என் பாட்டக் கேட்டாலே ஒடம்பு சிலிர்க்கும்டா!"

"அப்ப மேடைக்கு வாங்க. ஒவ்வொண்ணாப் போடறேன். ஒடம்பு சிலிர்த்ததும் கையத் தூக்குங்க."

ஊரே கூடிவிட்டது. முதல் பாட்டுக்குத் தர்மகர்த்தா முகத்தைச் சுளித்து நிறுத்தச் சொன்னார். இரண்டாவதற்குக் கை உயர்ந்தது, கண்ணில் நீரும் வந்தது. கூட்டம் கைதட்ட, யாரோ பொன்னாடையே போர்த்திவிட்டார்கள். ராக்கியப்பன் நிறுத்தாமல் ஓடவிட்டான். அம்மன் பாட்டில் எழுதியவர் பெயர் கடைசி அடியில் வருமே!

"பக்கத்தூர் பண்ணாரி பாட்டைக் கேளம்மா" என்று முடிந்தது பாட்டு. பாட்டு எழுதும் அந்தப் பண்ணாரி தர்மகர்த்தாவின் பரம எதிரி.

"அப்ப என்னோடது எங்கடா?"

"மொதல்ல நிறுத்தச் சொன்னீங்களே, அதுதானுங்க. அதுல உங்களுது அந்தப் போட்டோ மட்டுந்தான். அது ஸ்பீக்கர்ல கேக்காதுங்களே!"